பார்சல் தராசில் ஏறியவர்கள்

ஆய்வாளரம்மாவுக்குக் கோபம் மூக்கின் மேல் என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எடை அளவுத் துறையில் முப்பத்தாறு வருட சர்வீஸ். அவர் தெருமுனையில் திரும்பும்போதே தராசுத் தட்டுகளுக்கு அடியில் ஒட்டிவைத்த மெழுகும் காந்தமும் பயந்துபோய்த் தாமாகக் கழன்று விழும் என்று ஒரு பேச்சு உண்டு. சொந்த மாமனார் கடைத் தராசுக்கே இரண்டு தடவை சீல் வைத்தவர். அதனால் புகுந்த வீட்டில் ஆறு மாதம் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வேலையில் அவருக்கு ஆசை வந்ததே அப்பாவால்தான். அப்பா மலையடிவார ஸ்டேஷனில் பார்சல் எழுத்தர். பார்சல் அறையில் ஆளுயரத்துக்கு ஒரு தராசு. கீழே இரண்டடிக்கு இரண்டடி இரும்புப் பலகை, அதிலிருந்து எழும்பும் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் சுவர்க்கடிகாரம்போல் வட்ட முகமும் ஒற்றை முள்ளும். மகள் எட்டு வயதில் அந்தப் பலகையில் ஏறி நின்று முள் நடுங்கி நிற்பதைப் பார்த்தாள். அன்றே வேலையை முடிவு செய்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அது சாதாரண ஸ்டேஷன் இல்லை. மேலே மலைச்சரிவில் இருந்த சானடோரியத்துக்காகவே கட்டப்பட்டது. காசநோய்க்கு மருந்து வராத காலத்தில் வெயில், காற்று, பால், படுக்கை இந்த நாலும்தான் வைத்தியம். நாலுக்கும் மலை தோது என்று நாற்பது கட்டிலோடு தொடங்கிய சானடோரியம், பத்து வருடத்தில் முந்நூறு கட்டிலாகிவிட்டது. ரயில்வேக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. மூச்சிரைப்பவர்கள் படியேறக் கூடாது என்று இந்த ஸ்டேஷனில் ஒரு படிகூட வைக்கவில்லை. எங்கும் சரிவுப் பாதைதான். பிளாட்பாரத்தை ரயில் பெட்டியின் தரைமட்டத்துக்கு உயர்த்திக் கட்டினார்கள். காத்திருக்கும் அறைக்கு ஏழு ஜன்னல். மற்ற ஊர்களில் ஒரு நிமிடம் நிற்கும் ரயில் இங்கே நாலு நிமிடம் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஸ்டேஷனுக்காவது இந்த மரியாதை உண்டா என்று ஆய்வாளரம்மா இன்றைக்கும் கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

சானடோரியத்தின் முதல் தலைமை மருத்துவர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். வந்து இறங்கும் நோயாளியை முதலில் ஸ்டேஷன் பார்சல் தராசில் எடை பார்க்க வேண்டும். வருடம் தவறாமல் அரசாங்கம் சோதித்து முத்திரை போடும் தராசு அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். எடையைச் சீட்டில் எழுதி, அப்படியே தொலைபேசியில் மலைக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சமையல்கூடத்தில் பாலும் முட்டையும் ஒதுக்குவார்கள். வண்டி மலையேறி முடிப்பதற்குள் அடுப்பில் கஞ்சி கொதித்திருக்கும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மலையிலிருந்த தராசில் இன்னொரு தடவை எடை. குணமாகி ஊர் திரும்பும் அன்று மறுபடியும் பார்சல் தராசு. "பதினோரு கிலோ ஏறிட்டீங்க, ரயிலுக்குத் தனி இன்ஜின் போடணும்" என்று அப்பா சொன்னால், வந்த அன்று பேசவே முடியாமல் கிடந்த ஆள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ரயிலேறுவார். முப்பத்தி நாலு வருடம் அப்பா இதைச் செய்தார். நேர்மையான தராசு என்றால் என்ன என்று ஆய்வாளரம்மா படித்துத் தெரிந்துகொண்டதில்லை. வீட்டிலேயே பார்த்தார்.

மருந்து வந்தது, கட்டில்கள் காலியாயின, சானடோரியம் மூடப்பட்டது. ஒரு பகுதி இப்போது செவிலியர் பள்ளி. இந்த வருடம் நூறாவது ஆண்டு என்று ஸ்டேஷனின் பார்சல் அறையையும் சேர்த்து ஒரு வரலாற்றுக் கண்காட்சி ஏற்பாடானது. பொறுப்பை எடுத்துக்கொண்டவர் எக்ஸ்ரேக்காரர். சானடோரியத்தின் கடைசி இருபது வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். எதையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் நம்புவார், வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூட.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருந்தபோது ஆய்வாளரம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு பார்சல் அறைக்குப் போனார். தம்பி தையல்காரர். கண்காட்சிக்குக் கொடுக்க அப்பாவின் பழைய ரயில்வே கோட்டைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேச்சு. இடுப்பில் இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறதாம், பிறகு இரண்டையும் பிரித்து விட்டுத் தைத்திருக்கிறதாம், தைத்த கை ஒரு கத்துக்குட்டிக் கை என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்பாவே தைத்திருப்பார் என்று அக்கா சொன்னார். அப்பாவைக் குறை சொன்ன தோஷம் போகத் தம்பி கோட்டைத் தடவிக்கொடுத்தார்.

சுவரில் மாட்டுவதற்கான பலகைகளின் மாதிரி அச்சு மேசைமேல் பரப்பியிருந்தது. எக்ஸ்ரேக்காரர் இவர்களைப் பார்த்ததும் ஒரு தாளை மட்டும் மெதுவாக அடியில் தள்ளப் பார்த்தார். கள்ளத் தராசை முப்பத்தாறு வருடம் கையும் களவுமாகப் பிடித்த கண்ணுக்கு அது தப்புமா? அம்மா அந்தத் தாளை உருவி எடுத்தார். தராசுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டிய பலகை அது.

"நோயாளிகள் வந்து இறங்கியதும் இந்தத் தராசில் எடை பார்க்கப்பட்டது. சில ஆண்டுகளில் பதிவான எடைகள் நம்பத்தக்கவை அல்ல. பார்சல் எழுத்தர் அவற்றைக் கற்பனையாக எழுதியதாகத் தெரிகிறது. இதற்காக அவர் எட்டு மாதம் பணியிலிருந்து விலக்கப்பட்டார்." கீழே சின்ன எழுத்தில்: "பொருள் எண் 62."

தம்பி கோட்டை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார். அக்காவின் கோபம் எப்படிக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கிளம்பவில்லை. அக்காவின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது.

"சார், எங்க அப்பாவ யார் இப்படிச் சொன்னது?"

எக்ஸ்ரேக்காரர் மென்று விழுங்காமல் நேராகவே பதில் சொன்னார். "யாரும் சொல்லல மேடம். ரெஜிஸ்டர் சொல்லுது. எனக்குப் பிடிச்சா எழுதினேன்? நீங்களே பாருங்க."

சானடோரியத்தின் சேர்க்கைப் பதிவேடுகளை அவர் எடுத்து வைத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி. ஸ்டேஷன் எடை ஒரு பத்தியில், மறுநாள் மலை எடை அடுத்த பத்தியில். வருடக்கணக்காக இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. ஆய்வாளரம்மா பிறப்பதற்கு நாலைந்து வருடம் முன்பு ஓர் இரண்டு வருடம் மட்டும் சிலருக்கு ஸ்டேஷன் எடை மலை எடையைவிடக் குறைய ஆரம்பிக்கிறது. முதலில் ஒரு கிலோ, பிறகு இரண்டு, நாலு, ஏழு, பத்து. கடைசியில் ஒரு ஆளுக்கு ஸ்டேஷனில் முப்பத்தொன்று, மறுநாள் மலையில் நாற்பத்து நாலு. ஒரே ராத்திரியில் பதிமூன்று கிலோ யாருக்கும் ஏறாது. அந்த வரிக்குப் பக்கத்தில் அப்போதைய தலைமை மருத்துவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பார்சல் எழுத்தரை உடனே மலைக்கு வரச் சொல்லவும்." அதற்கு ஓரிரு நாளில் தொடங்கி எட்டு மாதம் ஸ்டேஷன் சீட்டுகளில் வேறொருவர் கையெழுத்து.

எட்டு மாதம் கழித்து அப்பாவின் கையெழுத்து திரும்பி வருகிறது. வந்த முதல் நாளே ஒரு நோயாளிக்கு மலை எடையைவிட ஸ்டேஷன் எடை ஐந்து கிலோ கூட. அதற்குப் பக்கத்தில் மருத்துவரின் சிவப்பு மை: "நன்று."

"தப்பா எழுதினதுக்கு நன்றுன்னு எந்த டாக்டர் எழுதுவார்?" என்று எக்ஸ்ரேக்காரர் கேட்டார். சேரும்போது எடை குறைவாக இருந்தால்தானே போகும்போது அதிகம் ஏறியதாக ஆண்டறிக்கையில் காட்டலாம்? இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் இருந்தது. மருத்துவர் அவருக்குத் தெய்வம்போல. அதனால் அந்தச் சந்தேகத்தைப் பலகையில் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் வேறு விளக்கம் கொண்டுவந்தால் மாற்றத் தயார் என்றார்.

அந்த எட்டு மாதம் பற்றி ஆய்வாளரம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சிக்காக வேறு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன் என்று அப்பா சொல்வார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பார்சல் எழுத்தருக்கு எட்டு மாதம் என்ன பயிற்சி என்று இத்தனை வருடம் தோன்றாத கேள்வி அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை துறை வண்டியில் சோதனை எடைக்கற்களோடு வந்து இறங்கினார். முதல் சந்தேகம் தராசு மேல். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், முள் சாய்ந்திருக்கலாம். இருபது கிலோ இரும்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றினார். இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு. முள் ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தாற்போல் கோட்டில் போய் நின்றது. நாலு மூலையிலும் கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கம்பத்தில் பல வருட அழுக்குக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் 62 என்று யாரோ எழுதியிருந்தது. கையெழுத்து அப்பாவுடையதுபோல் இருந்தது. ரயில்வே சாமான் எண் என்று அவரும் விட்டுவிட்டார். பழைய முத்திரைகளைத் தேடினார். கம்பத்தின் பின்பக்கம் வருடவாரியாக வரிசையாக இருந்தன, அந்தச் சந்தேக வருடங்களுடையதும் சேர்த்து.

தராசு சுத்தம். தன் கையாலேயே அப்பாவின் ஒரே சாட்சியை ஒழித்துக் கட்டியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தராசு சரி என்றால் எழுதிய கைதானே தப்பு? எத்தனை கடைக்காரர்களிடம் இதே வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பரிவு அம்மாவுக்கு அடி விழுந்தமாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மலையில் பழைய எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினார். பெயர்ப் பத்தியின் மேல் எக்ஸ்ரேக்காரர் ஒரு நீள அட்டையை வைத்துக் கிளிப் போட்டிருந்தார். நோயாளியின் பெயர் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்பது சானடோரியத்தின் சட்டம். கணினியில் ஏற்றும்போதும் அவர் பெயர்களைப் பார்த்ததில்லை. வரிசை எண், வயது, இரண்டு எடை, எந்த வார்டு, அவ்வளவுதான்.

அந்த வார்டுப் பத்தியில்தான் அம்மாவின் கண் நின்றது. நடமாட முடிந்தவர்களுக்கு ஒரு வார்டு, படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்டு. பென்சிலை எடுத்துப் பிரித்துக் குறித்துக்கொண்டே போனார். சந்தேகத்துக்குரிய அந்த இரண்டு வருடத்திலும் நடமாடும் வார்டுக்காரர்களின் எடை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரே நாள், ஒரே ரயில், ஒரே கையெழுத்து. நடந்து வந்தவருக்கு எடை சரி, படுத்து வந்தவருக்கு ஏழு கிலோ குறைவு. கற்பனையாக எழுதுகிறவன் இப்படிப் பார்த்துப் பார்த்தா எழுதுவான்?

எக்ஸ்ரேக்காரர் பட்டியலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முதல் தடவையாகத் தலையைச் சொறிந்தார். ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஏதோ இருக்கிறது என்று பலகையில் எழுத முடியாதே.

புதன்கிழமை காலை மூன்று பேரும் பார்சல் அறையில் தராசைச் சுற்றி நின்றார்கள். தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கோட்டுப் பை அன்றும் கையில் இருந்தது. அம்மா ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். நிற்கவே முடியாத ஆளை இந்தத் தராசில் எப்படி எடை பார்த்திருப்பார்கள்? ஸ்டிரெச்சரை வைக்கப் பலகை பற்றாது. நாற்காலி வைத்த தடம் ஏதும் இல்லை. தம்பியைப் பலகையில் படுத்துக் காட்டச் சொன்னார். ஐம்பத்தேழு வயதுத் தையல்காரர் கை காலைச் சுருட்டிப் படுத்துப் பார்த்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது, கால் ஒரு பக்கம் தரையில் கிடந்தது.

"இது ஆவறதில்ல அக்கா," என்று தம்பி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "என் பேத்திய ஆஸ்பத்திரில எப்படி எடை பார்த்தாங்க தெரியுமா? தொட்டில்ல வெச்சா அழுதா. அவ அம்மாவையே தூக்கிக்கிட்டு ஏறச் சொல்லிட்டாங்க. அப்புறம் அம்மா எடைய கழிச்சுட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா அசையாமல் கம்பத்தையே பார்த்தார். பிறகு பையைப் பிடுங்கிக் கோட்டை வெளியே எடுத்து, இடுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு தடவை உள்ளே, பிறகு வெளியே.

"அறுபத்திரண்டு," என்றார். "சார், அது சாமான் நம்பர் இல்ல. எங்க அப்பாவோட எடை."

எக்ஸ்ரேக்காரருக்கு உடனே பிடிபடவில்லை. அம்மா கடைக்காரருக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாக விளக்கினார். படுக்கை நோயாளி வந்தால் போர்ட்டர்கள் ஒதுங்கிவிடுவார்கள், தொற்று பயம். அப்பா தானே பெட்டிக்குள் போய்த் தூக்கிக்கொண்டு வருவார். தூக்கியபடியே தராசில் ஏறி நிற்பார். முள் காட்டுவது இரண்டு பேர் எடை. அதில் தன் எடையைக் கழித்துவிட்டு எழுதுவார். ஒவ்வொரு தடவையும் தன்னை நிறுத்துப் பார்க்க ஏது நேரம்? ஒரு தடவை பார்த்துக் கம்பத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த அறுபத்திரண்டைத்தான் கழித்தார்.

"ஆனா அவர் அறுபத்திரண்டாவே இல்ல," என்று அம்மா கோட்டின் இடுப்பைத் தூக்கிக் காட்டினார். அவர் இளைத்துக்கொண்டே போயிருக்கிறார். அவரிடம் ஒரு கிலோ குறைந்தால் நோயாளி எடையிலும் ஒரு கிலோ குறையும். ஒன்று, இரண்டு, நாலு, ஏழு, பத்து. ஊரையே எடை போட்ட மனிதர் இரண்டு வருடம் அந்தப் பலகையில் தனியாக ஏறவே இல்லை. ஏறினால் முள் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கத்துக்குட்டித் தையல் என்று தான் கேலி செய்தது அவருக்கு இப்போது குத்தியது. அப்பா இளைப்பதை வெளியில் தெரியாமல் மறைக்க ராத்திரியில் உட்கார்ந்து தைத்த தையல் அது.

எக்ஸ்ரேக்காரர் மட்டும் தரையில் காலூன்றி நின்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிரூபணம் வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் கெஞ்சுவதுபோல் இருந்தது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவரும் இந்த இடத்தில் இதைத்தான் கேட்டிருப்பார்.

"நிரூபணம்தானே? வாங்க."

மூன்று பேரும் மலையேறினார்கள். பழைய எக்ஸ்ரே அறையில் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் அம்மா ஒரு துண்டுத் தாளில் ஓர் எண்ணை எழுதி, மடித்து எக்ஸ்ரேக்காரர் கையில் கொடுத்தார். கடைசியாகக் குறைந்தது பதிமூன்று கிலோ. அறுபத்திரண்டில் பதிமூன்று போனால் என்ன மிச்சமோ, அதுதான் அன்றைக்கு அப்பாவின் எடை. டாக்டர் சிவப்பு மையில் மலைக்கு வரச் சொன்னது திட்டுவதற்கு இல்லை என்றால், அதற்கு அடுத்து அந்த எடையில் ஓர் ஆள் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பலகையை நானே மாட்டிவிட்டுப் போகிறேன் என்றார். தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். நோயாளிக்கு முப்பத்தொன்று, நாற்பத்து நாலு. பக்கத்தில் சிவப்பு மை. அதற்கு அடுத்த வரி, மறுநாள் தேதி. வயது முப்பது. படுக்கை வார்டு. ஸ்டேஷன் எடை நாற்பத்தொன்பது. மலை எடை நாற்பத்தொன்பது. ஒரு கிராம் பிசகில்லை. பின்னட்டை உறையிலிருந்த ஸ்டேஷன் சீட்டை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். அப்பாவின் கையெழுத்து. கடைசியில் ஒருநாள் தனியாகத் தராசில் ஏறி, தன் சீட்டைத் தானே எழுதி, தன் கஞ்சிக்குத் தானே தொலைபேசியில் சொல்லிவிட்டு மலையேறியிருக்கிறார் மனிதர்.

எக்ஸ்ரேக்காரர் மடித்த தாளைப் பிரித்தார். 49. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பெயர்ப் பத்தியின் மேலிருந்த அட்டையின் கிளிப்பைக் கழற்றி, அந்த ஒரு வரி மட்டும் தெரியும்படி நகர்த்தினார். இருபது வருடத்தில் அவர் அந்தச் சட்டத்தை மீறியது அது ஒரு தடவைதான். அக்காவும் தம்பியும் குனிந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கள் பெயருக்குப் பின்னால் எத்தனையோ தடவை எழுதிய பெயர்.

"நாப்பத்தொம்பது கிலோ ஆளு," என்று தம்பி சொன்னார். "நாப்பத்து நாலு கிலோ ஆளத் தூக்கிக்கிட்டு நின்னிருக்காரு. முந்தின நாளு வரைக்கும்."

அம்மாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகப் பெருமை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கு சிவந்து, வழக்கமான கோபக்காரி மாதிரியே இருந்தார்.

மிச்சமிருந்தது அந்த "நன்று" மட்டும்தான். எட்டு மாதம் வெயிலிலும் பாலிலும் புதிதாக வந்த ஊசியிலும் தேறி, அறுபத்தேழு கிலோவோடு அப்பா வேலைக்குத் திரும்பியிருக்கிறார். முதல் நாளே ஒரு படுக்கை நோயாளி. தூக்கிக்கொண்டு ஏறினார், பழக்க தோஷத்தில் அறுபத்திரண்டையே கழித்தார், எழுதினார். மறுநாள் மலையில் எடை பார்த்தால், ஸ்டேஷன் சீட்டில் ஐந்து கிலோ கூட. டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது, யாருடைய ஐந்து கிலோ அது என்று. எக்ஸ்ரேக்காரர் அந்தச் சிவப்புச் சொல்லை விரலால் தொட்டார். தான் தெய்வமாக நினைத்த மருத்துவரைத் தானே சந்தேகப்பட்டது அவருக்குத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

ஸ்டேஷனுக்கு இறங்கி வந்ததும் அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் கம்பத்தின் அழுக்கைத் தேய்த்தார். 62 என்பதன் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே, இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல், 67.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் தம்பிக்குக் கொஞ்சம் தயக்கம். அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்குப் பெண் கொடுக்காத காலத்தில் அப்பா மறைத்த விஷயம். சாகிறவரை அவர் வாய் திறக்கவில்லை. இப்போது நாம் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அவர் பயந்து மறைச்சாரு, பயப்பட வேண்டிய காலம் அது. நமக்கென்னடா பயம்? எழுதட்டும். பெருமையா எழுதட்டும்."

புதன்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போன பலகையில் இப்படி இருந்தது: "நோயாளிகள் வந்து இறங்கியதும் இந்தத் தராசில் எடை பார்க்கப்பட்டது. நிற்க முடியாதவர்களைப் பார்சல் எழுத்தர் தன் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார். தன் எடை என்று 62 கிலோவைக் கழித்து எழுதினார். அவருக்கே நோய் கண்ட பிறகும் ஒருவரையும் இறக்கிவிடவில்லை. பதிவேட்டில் குறையும் கிலோக்கள் அவருடையவை." பொருள் எண் என்ற வரியை எக்ஸ்ரேக்காரர் தானே அடித்துவிட்டார். கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

திறப்பு விழாவன்று கூட்டம் பலகைக்கு முன்னால் நின்று நின்று நகர்ந்தது. கோட்டைத் தம்பி தராசுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார், தையல் தெரியும்படி உள்பக்கத்தைத் திருப்பி. அதைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் தைத்த கையை வாயாரப் புகழ்ந்தார்.

கண்காட்சித் தராசு என்றாலும் தராசு தராசுதான். சோதித்த ஆய்வாளர் சான்றிதழ் எழுதித் தொங்கவிட வேண்டும். ஆய்வாளரம்மா படிவத்தை எடுத்தார். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்தது. இனி எத்தனை படிவம் எழுதக் கிடைக்குமோ. கொள்ளளவு: நூற்றைம்பது கிலோ. பிழை: இல்லை. கையெழுத்துப் போட்டார். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். முப்பத்தாறு வருடத்தில் எந்தத் தராசுக்கும் அவர் அதை நிரப்பியதில்லை. எக்ஸ்ரேக்காரரின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டத்தில் எழுதினார்: "நன்று."